ஆற்றின் காலும் நாரையின் காலும்

கொற்கைக் குளத்தின் கரையில் நின்று கிழக்கே பார்த்தால் கடல் தெரியாது. வாழைத் தோட்டம் தெரியும், நெல்வயல் தெரியும், அதற்கப்பால் பனைகள் தெரியும். பாண்டியரின் முத்துத் துறைமுகமாக இருந்த ஊர் இது. இன்று இந்த ஊருக்கும் கடலுக்கும் நடுவே சுமார் 6 கிலோமீட்டர் நிலம் கிடக்கிறது. அதை யாரும் கொட்டி நிரப்பவில்லை. பொதிகையில் பிறந்து சுமார் 128 கிலோமீட்டர் ஓடிவரும் தாமிரபரணி, வெள்ளத்துக்கு வெள்ளம் சுமந்துவந்து போட்ட வண்டல் அது.

கடல் விலக விலகத் துறைமுகமும் அதன் பின்னாலேயே நடந்தது. கொற்கையில் கப்பல் வர முடியாமல் போனபோது காயல் எழுந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ வந்து பார்த்து எழுதிவைத்த துறைமுகம் அது. அதுவும் மண்மேடிட்டுப் பழையகாயல் ஆனது. ஆறு கடலில் கலக்கும் புன்னைக்காயல் அடுத்துத் தலையெடுத்தது, அதன்பின் தூத்துக்குடி. இந்த இடமாற்றத்துக்கு ஆற்றின் வண்டலே காரணம் என்று 1881-ல் வெளியான தம் திருநெல்வேலிச் சரித்திர நூலில் கால்டுவெல் விளக்கினார். காயல் என்றாலே கடலை ஒட்டித் தேங்கிய ஆழமில்லாத நீர்நிலை. காயல்பட்டினம், பழையகாயல், புன்னைக்காயல் என்று மூன்று ஊர்கள் தங்கள் பெயரிலேயே சதுப்பைச் சுமந்துகொண்டிருக்கின்றன.

தூத்துக்குடி என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது துறைமுகமும் உப்பும் முத்தும் மக்ரூனும். ஊரின் முதுகுப்புறத்தில் ஆற்றங்கரைக் குளங்களும் கழிமுகமும் உப்பளங்களும் சேர்ந்து ஒரே ஈரநிலமாகக் கிடப்பது பலருக்குத் தெரியாது. சைபீரியாவின் உள்ளானுக்குத் தெரியும். ஒவ்வோர் ஆண்டும் ஐப்பசி மழையோடு அது இங்கே வந்து இறங்குகிறது.

இந்த ஈரநிலத்தை மீட்பது பற்றி இப்போது நிறையப் பேசப்படுகிறது. மீட்பது என்றால் என்ன என்பதில்தான் குழப்பம். குளத்தை ஆழமாகத் தோண்டி, கரையில் நடைபாதை போட்டு, விளக்குக் கம்பம் நட்டு, ஓரமாக ஒரு பூங்கா அமைத்தால் மீட்டுவிட்டதாகப் படம் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் பறவை அந்தப் படத்தில் இருக்காது. ஈரநிலத்தின் உயிர் நீரின் அளவில் இல்லை. எந்த மாதத்தில் எத்தனை விரற்கடை ஆழம் நிற்கிறது என்பதில் இருக்கிறது.

கால் என்ற சொல்லுக்குத் தமிழில் உறுப்பு என்றும் பொருள், வாய்க்கால் என்றும் பொருள். தாமிரபரணிக் கரையில் இந்த இரண்டும் ஒன்றையொன்று நம்பியிருக்கின்றன.

ஆற்றின் காலிலிருந்து தொடங்கலாம். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர் என்று ஏழும் மன்னர் காலத்தவை. எட்டாவதும் கடைசியுமான ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு 1873-ல் ஆங்கிலேயர் காலத்தில் முடிந்தது. அதிலிருந்து இடமும் வலமுமாகப் பிரிபவை வடகாலும் தென்காலும். இந்த இரண்டு கால்களும் 53 குளங்களை நிரப்பி, சுமார் 25,000 ஏக்கரைப் பாய்ச்சுகின்றன. வடகாலில் பெருங்குளம், ஆறுமுகமங்கலம், கொற்கை என்று குளங்கள் கோத்துக்கொண்டே போய், கடைமடையில் தூத்துக்குடி நகரை ஒட்டிய கோரம்பள்ளம் குளத்தில் முடிகின்றன. தென்காலில் கடம்பாகுளம் பெரியது. ஒரு குளம் நிரம்பி மறுகால் பாய்ந்தால் அடுத்த குளத்துக்கு அதுவே வரத்து.

இவற்றைப் பறவைகளுக்காக யாரும் வெட்டவில்லை. கார், பிசானம் என்ற இரண்டு நெற்போகத்துக்காக வெட்டினார்கள். தென்மேற்குப் பருவமழை மேற்கு மலையில் பெய்து ஆற்றில் வருவது காருக்கு. வடகிழக்குப் பருவமழை சமவெளியில் பெய்து குளத்தை நிரப்புவது பிசானத்துக்கு. ஐப்பசி, கார்த்திகையில் குளம் பெருகும். மார்கழி, தை முழுக்க வயலுக்கு மடை திறந்திருக்கும். மாசி, பங்குனியில் அறுவடை முடியும்போது நீர் வற்றி உள்வாய்ப் பகுதியில் சேறு வெளியே தெரியும். வலசை வரும் பறவை அக்டோபரில் வந்து மார்ச், ஏப்ரலில் திரும்புகிறது. உழவனின் நாட்காட்டியும் பறவையின் நாட்காட்டியும் இப்படிப் பொருந்திப்போனது திட்டமிட்டு நடந்ததல்ல. ஆனாலும் பல நூறு ஆண்டுகளாக நடந்துவருகிறது.

இனி நாரையின் கால்.

குளத்தில் நிற்கும் பறவைகளை உற்றுப் பார்த்தால் அவை கலந்து நிற்பதுபோல் தோன்றும், ஆனால் கலந்து நிற்பதில்லை. நீர் விளிம்பில், ஈரச் சேற்றில், ஓரிரு விரற்கடை ஆழத்துக்குள் கொசு உள்ளான் ஓடியாடும். 30 கிராம் எடைகூடத் தேறாத சின்னப் பறவை, ஆர்க்டிக் துந்திரத்திலிருந்து இவ்வளவு தூரம் வருகிறது. அதற்கு ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீர் நின்றால் குளம் பூட்டிய வீடுதான். சற்று உள்ளே நெடுங்கால் உள்ளான். உடலளவோடு ஒப்பிட்டால் பூநாரைக்கு அடுத்தபடியாக நீண்ட கால் கொண்ட பறவை இது. ஒரு சாண் ஆழம்வரை போகும். அதற்கும் உள்ளே ஊசிவால் வாத்து தலைகீழாகக் கவிழ்ந்து வாலை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு அடிமண்ணில் விதையும் கிழங்கும் தேடும். அதன் கழுத்து எட்டும் ஆழம்தான் அதன் எல்லை. முழங்கால் அளவு நீரில் மஞ்சள் மூக்கு நாரை. அதைத் தாண்டிய ஆழத்தில் முக்குளிப்பானும் நீர்க்காகமும் பாம்புத்தாராவும்.

மஞ்சள் மூக்கு நாரை மீன் பிடிக்கும் விதம் தனி அழகு. அது கண்ணால் தேடுவதில்லை. பாதி திறந்த அலகை நீருக்குள் விட்டு, காலால் சேற்றைக் கலக்கிக்கொண்டே நடக்கும். அலகின் உட்புறத்தில் மீன் பட்ட கணத்தில் அலகு மூடிக்கொள்ளும். இதன் உறவான அமெரிக்கக் காட்டு நாரையில் இந்த வேகத்தை அளந்திருக்கிறார்கள்: 25 மில்லிவிநாடி. ஒரு விநாடியில் நாற்பதில் ஒரு பங்கு. கலங்கிய நீரிலும் பசி தீர இந்த வித்தை உதவும். ஆனால் நீர் ஆழமாக இருந்தால் வித்தை பலிக்காது. மீன்கள் பரவிக் கிடந்தாலும் பலிக்காது. குளம் வற்றி, மீன்கள் குறுகிய இடத்தில் நெருங்கும் காலம் வேண்டும். நம் பக்கத்து நாரைகள் தை, மாசியில் கூடுகட்டிக் குஞ்சு பொரிப்பதன் காரணம் இதுதான். குஞ்சு வாய் திறந்து கத்தும் வாரங்களில் குளம் சுண்ட வேண்டும்.

எனவே தூர்வாருவது என்ற நல்ல காரியம் கெட்ட காரியமாகவும் முடியலாம். தாமிரபரணிக் குளங்களில் வண்டல் சேர்ந்து கொள்ளளவு குறைந்திருப்பது உண்மை. ஸ்ரீவைகுண்டம் அணையில் மண்மேடிட்டுக் கிடந்ததை அகற்றச் சொல்லி விவசாயிகள் போராடினார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம்வரை வழக்குப் போய் 2015-ல் தூர்வாரும் வேலை தொடங்கியது. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் குளங்களைச் சீரமைக்கும் திட்டமும் நடந்தது. இவை தேவையானவை. கேள்வி, எப்படித் தோண்டுகிறோம் என்பது. ஜேசிபி எந்திரத்தை இறக்கிக் குளம் முழுவதையும் ஒரே மட்டமாக, செங்குத்துக் கரையோடு தொட்டிபோல் தோண்டினால் நீர் கொள்ளும். உள்ளானுக்கு ஓரடி நிற்க இடமிருக்காது, வாத்துக்கு அடிமண் எட்டாது, நாரைக்கு நடக்க வழியிருக்காது. பறவை எண்ணிக்கையில் நீர்க்காகம் மட்டும் மிஞ்சும்.

மடையை ஒட்டிய பகுதியில் ஆழம் வையுங்கள், எதிர்ப்புறம் உள்வாயில் சரிவு கலையாமல் விடுங்கள் என்பதே ஈரநில ஆய்வாளர்கள் சொல்லும் வழி. பழைய குளவெட்டில் இந்தச் சரிவு தானாகவே இருந்தது. மேற்கிலிருந்து கிழக்காகச் சாயும் நிலத்தில், கிழக்கே ஒரு கரை போட்டு நீரைத் தடுத்தால் போதும். கரையோரம் ஆழம், மேற்கே போகப் போக மெலிந்து புல்தரையில் முடியும். தோண்டிய மண்ணைக் குளத்துக்குள்ளேயே திட்டுகளாகக் குவித்து மரம் நட்டால் நாய், நரி எட்டாத கூடுமனை கிடைக்கும். மிச்ச வண்டலை வயலுக்கும் குயவர் சூளைக்கும் ஏற்றிவிடலாம். கோடையில் குளத்து வண்டலை வண்டி கட்டி வயலுக்கு அடிப்பது இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. புஞ்சை மண்ணுக்கு அதைவிட நல்ல உரம் எது?

வற்றுவதும் குளத்துக்குத் தேவை. வெடித்துக் கிடக்கும் குளத்தைப் பார்த்தால் மனம் கனக்கும்தான். ஆனால் அந்த வெடிப்புகளின் வழியே காற்று அடிமண்ணுக்குள் இறங்குகிறது. அழுகிக் கிடந்த இலைதழை மக்கி, சத்து வெளிப்படுகிறது. சேற்றில் உறங்கிய விதைகள் முளைக்கின்றன. ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கக் கெளுத்தியும் போன்ற வெளிநாட்டு மீன்களின் பெருக்கம் ஓராண்டு தடைபடுகிறது. அடுத்த மழையில் குளம் நிரம்பும்போது பூச்சிப்புழுக்கள் பெருகி, அவற்றைத் தின்ன மீன்குஞ்சும் அதைத் தின்னப் பறவையும் வருகின்றன. ஆண்டு முழுக்கத் தளும்பும் குளம் அழகாக இருக்கலாம். உயிர்வளத்தில் அது ஏழை.

மறுபுறம், சாக்கடை நீரால் வற்றாமல் கிடக்கும் குளத்தின் கதை வேறு. அங்கே முதலில் வருவது அமலைச்செடி. நீர்ப்பரப்பை மூடி வெயிலைத் தடுத்து, உள்ளே உயிர்வளியைக் குறைத்துவிடும் ஆகாயத்தாமரையைத்தான் தாமிரபரணிக் கரையில் அமலை என்கிறார்கள். ஆட்களை வைத்து அள்ளிப் போட்டால் சில வாரங்களில் பழையபடி மூடிவிடும். காரணம் செடியில் இல்லை. நைட்ரஜனும் பாஸ்பரசும் கலந்து வரும் கழிவுநீர்தான் அதற்குச் சோறு. கழிவுநீர் வரும் வாயை அடைக்காமல் அமலையை அள்ளுவது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

வேலிக்காத்தான் என்று ஊரார் சொல்லும் சீமைக்கருவேலத்துக்கு வருவோம். குளத்து உள்வாயிலும் வாய்க்கால் கரையிலும் அது அடர்ந்து கிடக்கிறது. நீரோட்டத்தைத் தடுக்கிறது, நாட்டு மரங்களை முளைக்கவிடுவதில்லை. அதை வேரோடு பிடுங்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு அதிகமில்லை. ஆனால் ஒரு சங்கடம் இருக்கிறது. பக்கத்து இராமநாதபுரம் மாவட்டத்தின் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் சரணாலயங்களிலும் திருநெல்வேலி மாவட்டக் கூந்தன்குளத்திலும் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடுகட்டும் மரங்களில் இந்தச் சீமைக்கருவேலமும் ஒன்று. வேறு மரம் இல்லாத இடத்தில் பறவை இதை ஏற்றுக்கொண்டுவிட்டது. ஒரே கோடையில் மொத்தமாக அழித்தால் அடுத்த தையில் அவை கூடுகட்ட இடமின்றி வேறு குளம் தேடும். நாட்டுக் கருவேலத்தையும் நீர்க்கடம்பையும் நீர்மருதையும் முதலில் வளர்த்து, அவை தலைதூக்கியபின் வேலிக்காத்தானைப் பகுதி பகுதியாக அகற்றுவதே முறை. பத்து ஆண்டு பிடிக்கும். ஓராண்டு ஒப்பந்தத்தில் முடியாது என்பதுதான் இதிலுள்ள சிக்கல்.

எந்தக் குளத்தில் என்ன பறவை எத்தனை வருகிறது என்று தெரியாமல் இதில் எதையும் தீர்மானிக்க முடியாது. அந்தக் கணக்கை 2011 முதல் பொதுமக்களே எடுத்துவருகிறார்கள். ஏட்ரி ஆய்வு நிறுவனம் மணிமுத்தாற்றில் நடத்தும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையம், நெல்லையிலும் தூத்துக்குடியிலும் உள்ள இயற்கை ஆர்வலர் அமைப்புகளோடு சேர்ந்து, ஜனவரி மாதம் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை நடத்துகிறது. மாணவர்கள், ஆசிரியர்கள், வேலைக்குப் போகிறவர்கள் எல்லாரும் குழுக்களாகப் பிரிந்து, விடியற்காலையில் தொலைநோக்கியோடு கரையில் ஏறுகிறார்கள். பல ஆண்டுக் கணக்கு அடுத்தடுத்துச் சேரும்போதுதான் ஒரு குளம் பறவையை இழக்கிறதா, மழை குறைந்த ஆண்டில் மட்டும் அவை வேறிடம் போயினவா என்று பிரித்தறிய முடியும். தூர்வாரும் திட்டத்தின் கோப்பில் மண்ணின் கன மீட்டரோடு இந்தக் கணக்கும் ஒரு தாளாகச் சேர வேண்டும். சேர்வதில்லை என்பது வருத்தம்.

ஆறு கடலைத் தொடும் இடத்தில் கதை உப்புக்கு மாறுகிறது.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழே கோடையில் தாமிரபரணி மெலிந்துவிடும். நன்னீர் அழுத்தம் குறையும்போது கடல்நீர் ஆற்றுவழியே உள்ளே ஏறுகிறது. அதன் முதல் அடி ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு விழுகிறது. 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற வெற்றிலை அது. ஆற்றுநீரின் சுவைதான் இலையின் காரம் என்று கொடிக்கால்காரர்கள் சொல்வார்கள். அடுத்த அடி கண்டல் காட்டுக்கு. கண்டல் உப்பைத் தாங்கும் மரம்தானே என்று நினைக்கலாம். தாங்கும், ஆனால் விரும்பிக் குடிப்பதில்லை. வெண்கண்டல் இலையில் உப்பைக் கசியவிடும் சுரப்பிகள் உண்டு. இலையை நாக்கில் வைத்தால் கரிக்கும். சேற்றிலிருந்து பென்சில் போல நிமிர்ந்து நிற்கும் மூச்சுவேர்களால் அது காற்று வாங்குகிறது. இத்தனை ஏற்பாடு இருந்தும் அதற்கு அவ்வப்போது நன்னீர் வேண்டும், நாள்தோறும் ஏற்றவற்றம் வேண்டும். நீர் உள்ளே வந்து வெளியே போகாமல் தேங்கி, வெயிலில் சுண்டி, கடலைவிடக் கரிப்பாகிவிட்டால் கண்டலும் கருகும்.

இது பிச்சாவரத்தில் கண்டுகொண்ட பாடம். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே கண்டல் காட்டைப் பகுதி பகுதியாக மொட்டையடித்து வெட்டினார்கள். நிழல் போன சேறு காய்ந்து தாழ்ந்து, தட்டுபோல் குழிந்தது. ஓதத்தில் வந்த நீர் திரும்பிப் போக வழியில்லாமல் தேங்கியது. கன்று நட்டாலும் பிழைக்கவில்லை. 1990-களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களோடு சேர்ந்து வேறு வழியில் போயின. நடுவே ஒரு வாய்க்கால், இருபுறமும் சாய்வாகக் கிளை வாய்க்கால்கள், மேலிருந்து பார்த்தால் மீன்முள் போல வெட்டினார்கள். ஓதநீர் ஏறி இறங்கத் தொடங்கியதும் உப்பு கழுவப்பட்டது, நட்ட கன்றுகள் பிடித்தன. அங்கேயும் தீர்வு ஒரு கால்தான்.

புன்னைக்காயல் முகத்துவாரத்தில் வனத்துறை கண்டல் நட்டு வருகிறது. நட்ட எண்ணிக்கையைவிட, மூன்றாம் ஆண்டில் உயிரோடு நிற்கும் எண்ணிக்கையே முக்கியம். அதைத் தீர்மானிப்பது நாற்றங்காலின் தரம் மட்டுமல்ல, ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டைத் தாண்டிக் கீழே விடப்படும் தண்ணீரும்தான். கடலுக்குப் போகும் நீர் வீண் என்று நாம் பழகிப்போய்ச் சொல்கிறோம். புன்னைக்காயல் வலையில் விழும் இறாலையும் நண்டையும் கேட்டால் அப்படிச் சொல்லாது. கழிமுகத்துச் சேற்றிலும் கண்டல் வேரிலும்தான் அவற்றின் குஞ்சுப்பருவம் கழிகிறது.

இதற்கு இன்னொரு பயனாளி கடலுக்குள் இருக்கிறது. ஈரநிலங்களுக்கான ராம்சார் உடன்படிக்கை 1971-ல் கையெழுத்தானபோது, வற்றத்தில் ஆறு மீட்டருக்கு மிகாத ஆழமுள்ள கடல்நீரையும் ஈரநிலம் என்றே வரையறுத்தார்கள். அந்தக் கணக்கில் தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவையும் காசுவாரியையும் சுற்றியுள்ள பவளத்திட்டுகளும் கடற்புல் வெளிகளும் தாமிரபரணிக் குளங்களுக்கு ஒன்றுவிட்ட உறவு. அவற்றுக்கு அப்பால் ஆழத்தில் முத்துச்சிப்பிப் பார்கள். 1961-க்குப் பின் இந்தக் கரையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973-ல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவியலாளர் அழகர்சாமி வேப்பலோடையில் சிப்பிக்குள் கரு வைத்து வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார். பவளமும் சிப்பியும் சேற்றுக்கு அஞ்சுபவை. கலங்கி வரும் வெள்ளநீர் குளங்களிலும் கண்டல் காட்டிலும் தங்கி, வண்டலை இறக்கிவிட்டுத் தெளிந்து போனால் அவை மூச்சு விடும். வழியில் தங்க இடமில்லாத வெள்ளம் சேற்றை நேரே கடலுக்குள் தள்ளும்.

அப்படித் தங்க இடமில்லாத வெள்ளத்தை மாவட்டம் கண்ணால் பார்த்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. மாவட்டத்தின் ஓராண்டுச் சராசரியைவிட அதிகம். திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. குளங்கள் உடைந்தன, சாலைகள் அறுந்தன, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றது. கோரம்பள்ளம் நீர் தூத்துக்குடி நகருக்குள் புகுந்தது. ஈரநிலம் சரியாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது என்று சொல்வது நேர்மையல்ல. இத்தகைய மழையை எந்தக் குளமும் முழுதாக வாங்காது. ஆனால் மறுகால் ஓடைகள் தூர்ந்தும், வெள்ளம் பரவும் தாழ்நிலங்களில் மனைகள் எழுந்தும் இருக்கும்போது அதே மழை கூடுதல் நாள் நிற்கிறது, கூடுதல் வீடுகளுக்குள் ஏறுகிறது. ஆற்றுக்குத் தன் அகலம் நினைவிருக்கிறது.

இந்த அகலத்தைத் திருப்பிக் கொடுத்த நாடு ஒன்றின் அனுபவம் பயன்படும். அமெரிக்காவின் புளோரிடாவில் கிசிம்மீ என்ற ஆறு 166 கிலோமீட்டர் வளைந்து வளைந்து ஓடியது. வெள்ளத்தைக் கட்டுப்படுத்த 1962 முதல் 1971 வரை அதை 90 கிலோமீட்டர் நேரான கால்வாயாக ஆக்கினார்கள். பொறியியல் வெற்றிதான். ஆனால் கரையோரச் சதுப்பு காய்ந்து, குளிர்கால நீர்ப்பறவைகள் பெருமளவு மறைந்தன. 1999-ல் தொடங்கி 2021 வரை 22 ஆண்டு பாடுபட்டுக் கால்வாயின் நடுப்பகுதியை மண்ணிட்டு மூடி, சுமார் 70 கிலோமீட்டர் நீளத்துக்குப் பழைய வளைவுகளில் நீரைத் திருப்பினார்கள். நாரைகளும் வாத்துகளும் திரும்பின. நேராக்கப் பிடித்த காலத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் அதிகம் வளைக்கப் பிடித்த காலம்.

உப்பளங்களை ஈரநிலக் கணக்கில் சேர்க்கலாமா என்று சிலர் கேட்பார்கள். பூநாரை சேர்த்துவிட்டது. குஜராத்துக்கு அடுத்தபடியாக நாட்டில் அதிகம் உப்பு விளையும் இடம் தூத்துக்குடிக் கரை. கடல்நீரை முதலில் அகன்ற பரப்பில் தேக்கி, வெயிலில் சுண்டவைத்து, படிப்படியாக அடுத்தடுத்த பகுதிக்கு நகர்த்தி, கடைசியில் பாத்தியில் விடுவார்கள். இடையிலுள்ள நீர் கடலைப்போல் மூன்று நான்கு மடங்கு கரிக்கும். மீன் பிழைக்காது. மீன் இல்லாததால் ஆர்ட்டீமியா என்ற நுண்ணிறால் கோடிக்கணக்கில் பெருகும். அலகைத் தலைகீழாக நீரில் வைத்து நாக்கால் இறைத்து வடிகட்டும் பூநாரைக்கு அதுவே விருந்து. அந்த இறாலும் பாசியும் தரும் நிறமிதான் அதன் இறகின் இளஞ்சிவப்பு. அளத்தொழிலாளி மண்வெட்டியோடு பாத்தியில் நிற்க, அப்பால் பூநாரைக் கூட்டம் மேயும் காட்சியைத் திருச்செந்தூர் சாலையில் போகும் பேருந்தின் சன்னல் வழியாகவே சில மாதங்களில் பார்க்கலாம்.

சுற்றுலா என்ற பேச்சுக்கு இங்கேதான் விடை கிடக்கிறது. புதிதாக ஆட்களைக் கூட்டிவரத் தேவையில்லை, ஆட்கள் ஏற்கெனவே வருகிறார்கள். திருச்செந்தூருக்கு நடந்தும் வண்டியிலும் போகும் முருக பக்தர்கள் பழையகாயல், முக்காணி, ஆத்தூர் வழியே ஈரநிலத்தைக் குறுக்காகக் கடக்கிறார்கள். நவதிருப்பதி சேவிக்க வருகிறவர்கள் ஸ்ரீவைகுண்டம், பெருங்குளம், தென்திருப்பேரை, ஆழ்வார்திருநகரி என்று ஆற்றையும் குளங்களையும் சுற்றியே வருகிறார்கள். ஒன்பது பெருமாளைப் பார்க்கிறவர் ஒரு குளத்துக் கரையில் அரைமணி நேரம் நின்றால் இருபது வகைப் பறவையைப் பார்க்க முடியும். அவர்களுக்கு வேண்டியது ஒரு நிழல், ஒரு தகவல் பலகை, பறவைப் பெயர் தெரிந்த உள்ளூர்ப் பிள்ளை ஒருவர். சிமெண்ட் நடைபாதை வேண்டாம்.

தூரம்தான் இதில் நுட்பமான விஷயம். ஒவ்வொரு பறவைக்கும் ஓர் எல்லை உண்டு, அதற்குள் ஆள் வந்தால் எழும்பிவிடும். ஒரு முறை எழும்பினால் என்ன என்று தோன்றும். மார்ச் மாதம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பயணத்துக்காகக் கொழுப்புச் சேர்க்கும் வாத்துக்கு ஒவ்வொரு எழும்பலும் சேமிப்பிலிருந்து எடுக்கும் செலவு. படகுச் சவாரியும் டிரோனும் அந்தச் செலவை நாளுக்குப் பலமுறை வைக்கும். இரவு விளக்கு கூட்டில் அடையும் பறவையைக் கலைக்கும். கிழக்குக் கரை கொண்ட நம் குளங்களில் காலையில் கரைமேல் நின்றால் வெயில் முதுகுக்குப் பின்னால், பறவை வெளிச்சத்தில். கரையோரம் ஓலைத் தட்டி கட்டி அதில் கண் உயரத்துக்கு ஓட்டை வைத்தால் போதும். பனையோலைக்கா இந்த மாவட்டத்தில் பஞ்சம்?

லண்டன் நகருக்குள் தேம்ஸ் ஆற்றை ஒட்டிப் பயனற்றுக் கிடந்த நான்கு குடிநீர்த் தேக்கங்களை இப்படித்தான் சரிவும் திட்டும் கொண்ட ஈரநிலமாக மாற்றி, மறைவிடங்கள் அமைத்து 2000-ல் திறந்தார்கள். ஆனால் வழிகாட்ட அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. கூந்தன்குளத்தில் ஊருக்குள்ளேயே வீட்டோர மரங்களில் நாரைகள் கூடுகட்டுகின்றன. பறவை வந்தால் மழையும் நலமும் வரும் என்று நம்பும் ஊர்க்காரர்கள் அவை கலையும் என்று வெடி வெடிப்பதில்லை. எச்சம் கலந்த குளத்துநீர் வயலுக்கு உரமாகிறது. 1994-ல் அரசு சரணாலயமாக அறிவிக்கும் முன்பே ஊர் அறிவித்துவிட்டது. கடலுக்கு அக்கரையில், இலங்கையின் முத்துக்கரையான மன்னாரில், அருவியாற்று நீர் நிரப்பும் கட்டுக்கரைக் குளமும் 2010-ல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயமும் இதே ஊசிவால் வாத்துகளுக்கு இடம் கொடுக்கின்றன.

தமிழ்நாட்டில் ராம்சார் தகுதி பெற்ற இடங்கள் 20, நாட்டிலேயே அதிகம். மன்னார் வளைகுடா அதில் உண்டு. தூத்துக்குடி மாவட்டத்தின் ஆற்றுப்பாசனக் குளம் ஒன்றுகூட இல்லை. தகுதிச் சான்று வந்தால் நல்லது. அதற்குக் காத்திராமல் செய்யக்கூடியவை இருக்கின்றன. தூர்வாரும் ஒப்பந்தத்தில் உள்வாய்ச் சரிவைத் தொடக்கூடாது என்று ஒரு வரி சேர்க்கலாம். கடைமடைக் குளத்தில் மாசிவரை ஒரு சாண் நீர் நிறுத்த நீர்ப்பாசனச் சங்கத்தோடு பேசலாம். அந்த ஒரு சாணுக்காகக் கடைமடை விவசாயி இழப்பதை ஈடுகட்ட வேண்டும், அவரை மறந்துவிட்டுப் பறவையை மட்டும் பேசுவது சரியல்ல. கழிமுகத்துக்குக் கோடையிலும் ஒரு பங்கு நீர் ஒதுக்கலாம்.

பங்குனி நடுவில் கொற்கைக் கரைக்கு மறுபடி போனால், நீர் கரையைவிட்டு வெகுதூரம் உள்ளே இறங்கியிருக்கும். பழைய துறைமுகத்தின் தரையில் ஈரச் சேறு மினுங்கும். நெடுங்கால் உள்ளான்கள் அதில் வரிசையாக நடந்து போன தடம் வெயிலில் இறுகிக் கிடக்கும். கொசு உள்ளான்கள் மட்டும் இன்னும் விளிம்பில் ஓடி ஓடிக் கொத்திக்கொண்டிருக்கும், வடக்கே கிளம்ப அவற்றுக்குச் சில நாட்களே மீதி.